நட்ட முடி கொட்டுகிறதா? பதற வேண்டாம்!



பல மாதச் சம்பளத்தைச் சேர்த்து வைத்து, ஊசி குத்தும் வலியையும் தாங்கிக்கொண்டு, தலையில் முடி நட்டுவந்த பிள்ளை மூன்றாவது வாரம் காலையில் எழுந்து பார்க்கிறான். தலையணையெல்லாம் முடி! குளித்தால் கையோடு வருகிறது. கண்ணாடியைப் பார்த்தால் பழைய வழுக்கையே சிரிக்கிறது. "போச்சே, அத்தனை வெள்ளியும் தண்ணீரில் போட்டதுதானா!" என்று அப்பா தலையில் கைவைக்கிறார். "யார் கண் பட்டதோ" என்று அம்மா மிளகாய் சுற்றப் போகிறார். பிள்ளையோ தொப்பியை மாட்டிக்கொண்டு அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறான்.

முடி நடுவது சினிமாக்காரர்களுக்கும் பெரிய முதலாளிகளுக்கும் மட்டும் உரியதாக இருந்த காலம் போய்விட்டது. சிடாம் கிரி, படாங் செராய், கூலிம், சுங்கை பட்டாணி என்று நம் வட்டாரத்துப் பிள்ளைகள் பலர் இன்று தொழிற்சாலைகளில் வேலை செய்கிறார்கள். கையில் கொஞ்சம் காசு புழங்குகிறது. கல்யாணப் பேச்சு வரும்போது முன்நெற்றி ஏறிப்போயிருப்பது மனத்தை உறுத்துகிறது. நாலு பேரைப் பார்த்து ஐந்தாவது ஆளாக அவர்களும் போய்ச் செய்துகொள்கிறார்கள். அது சரியா தவறா என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. செய்துகொண்ட பிறகு முடி கொட்டும்போது வீட்டிலுள்ளவர்கள் என்ன செய்ய வேண்டும் என்பதுதான் இந்த இதழில் நம் பேச்சு.

முதலில் ஒன்றை மனத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நட்ட முடி சில வாரத்தில் கொட்டுவது வழக்கமாக நடப்பதுதான். கொட்டுவது முடி, வேர் அல்ல. வேர் தோலுக்குள்ளே இருக்கிறது, தூங்குகிறது. எழுந்து வர அதற்குச் சில மாதம் வேண்டும்.

எப்படி என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

ஆண்களுக்கு வரும் சாதாரண வழுக்கையில் முன்தலையும் உச்சியும்தான் காலியாகும். பின்னந்தலையிலும் காதோரத்திலும் முடி அப்படியே நிற்கும். நம் தாத்தாக்களின் தலையைப் பார்த்தாலே தெரியுமே! ஆண்களின் உடலில் ஊறும் ஒரு ஹார்மோன், முன்தலையில் உள்ள மயிர்க்கால்களை ஆண்டுக்காண்டு மெலியச் செய்கிறது. பின்னந்தலை மயிர்க்கால்கள் அதற்கு அவ்வளவாக மசிவதில்லை. ஆகவே பின்னாலிருந்து மயிர்க்கால்களை வேரோடு எடுத்து முன்னால் நடுகிறார்கள். ஒரு பட்டைத் தோலாக வெட்டி எடுத்துப் பிரித்து நடுவது ஒரு முறை. ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வாய் அகலமுள்ள சிறு கருவியால் ஒவ்வொன்றாகத் தோண்டி எடுத்து நடுவது இன்னொரு முறை. ஒவ்வொரு நடவிலும் ஒன்று முதல் நான்கு முடி வரை இருக்கும்.

இது நேற்று வந்த வித்தையும் அல்ல. ஜப்பானில் ஒகுடா என்ற டாக்டர், தீக்காயத்தால் முடி இழந்தவர்களுக்கு இப்படி முடியுள்ள தோலைச் சிறு வட்டங்களாக எடுத்து வைத்ததை 1939-இல் எழுதி வெளியிட்டார். நியூயார்க்கில் டாக்டர் நார்மன் ஓரன்ட்ரிச் என்பவர் 1952-இல் வழுக்கைத் தலையில் இதைச் செய்து பார்த்து, 1959-இல் அதன் முடிவுகளை வெளியிட்டார். அவர் கண்டது என்ன தெரியுமா? பின்னந்தலையிலிருந்து எடுத்த வேர், முன்தலையில் நட்டாலும் பின்னந்தலைக் குணத்தையே காட்டுகிறது. இடம் மாறினாலும் குணம் மாறுவதில்லை.

தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதே இல்லை. ரப்பர் நாற்றுமேடையில் ஒட்டுக் கட்டிய பெரியவர்கள் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். எந்தக் கன்றின் மேல் ஒட்டினாலும், ஒட்டிலிருந்து கிளம்பும் மரம் தன் தாய்மரத்தின் பாலைத்தான் கொடுக்கும். அந்த ஒட்டுக் கன்றை எப்படி நட்டார்கள்? மேல்பாகத்தை வெட்டிவிட்டு, இலையே இல்லாத மொட்டைக் குச்சியாக அல்லவா நட்டார்கள்! சில வாரம் அது சும்மா நிற்கும். பார்ப்பவனுக்குப் பட்டுப்போன குச்சி மாதிரிதான் தெரியும். தெரிந்தவன் அதைப் பிடுங்கிப் பார்க்க மாட்டான். வேர் ஊன்றட்டும் என்று விட்டுவிடுவான். பிறகுதான் துளிர் வரும்.

முடிக்கும் ஒரு பருவம் உண்டு. நம் தலையில் ஏறத்தாழ 1 லட்சம் முடிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் இரண்டு முதல் ஆறேழு ஆண்டுகள் வரை வளரும். பிறகு இரண்டு மூன்று வாரம் சுருங்கும். அதன்பின் சுமார் மூன்று மாதம் ஓய்வெடுக்கும். ஓய்வு முடியும் சமயத்தில் பழைய முடி விழுந்து, அதே குழியிலிருந்து புது முடி கிளம்பும். நல்ல தலையில்கூட நாள்தோறும் 50 முதல் 100 முடி வரை கொட்டுவது இதனால்தான். எல்லாம் ஒரே நாளில் ஓய்வுக்குப் போகாததால் நமக்கு அது தெரிவதில்லை.

முடி நடும்போது என்ன ஆகிறது? வேரைத் தோண்டி எடுத்த நேரம் முதல் புது இடத்தில் ஊன்றும் வரை அதற்கு இரத்த ஓட்டம் இல்லை. அந்த அதிர்ச்சியில் நட்ட வேர்களில் பெரும்பாலானவை ஒரே சமயத்தில் ஓய்வுக்குப் போய்விடுகின்றன. ஓய்வுக்குப் போன வேர், தன் மேலிருக்கும் முடியை உதிர்த்துவிடுகிறது. ஆண்டுத் தொடக்கத்தில் பால்மரம் இலையுதிர்ந்து எலும்பாக நிற்குமே, அதுபோல. அப்போது பால் குறையும், சம்பளமும் குறையும். என்றாலும் மரம் செத்துவிட்டது என்று யாராவது வெட்டிச் சாய்த்தார்களா? இல்லையே!

இனி நாள்கணக்கைப் பார்ப்போம். இதை வெட்டி அலமாரிக் கதவில் ஒட்டி வைத்தாலும் நல்லதுதான்.

முதல் வாரம்: நட்ட இடத்தில் சிறு சிறு பொருக்குகள் இருக்கும். நெற்றியும் கண்ணோரமும் வீங்கலாம். வீக்கம் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் வடியும்.

இரண்டாம் வாரம்: பொருக்குகள் உதிரும். அதோடு சில முடியும் வரும்.

இரண்டாம் வாரக் கடைசி முதல் எட்டாம் வாரம் வரை: நட்ட முடி கொட்டும் காலம். சிலருக்குக் கொஞ்சம் கொட்டும். பலருக்கு ஏறக்குறைய எல்லாமே கொட்டும்.

மூன்றாம் மாதம்: மனம் மிகவும் சோர்ந்துபோகும் மாதம் இதுதான். தலை பழையபடியோ அதைவிட மோசமாகவோ தெரியும்.

மூன்றாம், நான்காம் மாதம் முதல்: புது முடி முளைக்கத் தொடங்கும். முதலில் மெல்லியதாக, சில சமயம் சுருட்டையாக வரும். தோலைத் துளைத்து வரும்போது ஆங்காங்கே சிறு பருக்களும் தோன்றலாம்.

ஆறாம் மாதம்: பார்ப்பவர்களுக்கு வித்தியாசம் தெரியும். முடி மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர்தான் வளரும் என்பதை மறக்காதீர்கள்.

பன்னிரண்டாம் மாதம்: பலன் என்ன என்று சொல்லக்கூடிய காலம். உச்சந்தலையில் நட்டதானால் ஒன்றரை ஆண்டு வரைகூட ஆகலாம்.

நட்ட முடி மட்டுமல்ல, அதைச் சுற்றி ஏற்கெனவே இருந்த சொந்த முடியும், எடுத்த இடமான பின்னந்தலை முடியும் சிலருக்குக் கொட்டும். "இருந்ததும் போச்சே" என்று அப்போதுதான் அழுகையே வரும். அதுவும் அதே அதிர்ச்சியால் வந்ததுதான். பெரும்பாலும் மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் திரும்பிவிடும். ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது: வழுக்கையால் ஏற்கெனவே நூலாக மெலிந்துபோயிருந்த முடி கொட்டினால், அது திரும்பாமலும் போகலாம்.

இந்த விஷயம் நம் வீட்டுப் பெண்களுக்குப் புதிதே அல்ல. பிள்ளை பெற்ற மூன்றாம் மாதம் கொத்துக் கொத்தாக முடி கொட்டவில்லையா? குழந்தை முகம் பார்த்துச் சிரித்தால் தாய்க்கு முடி கொட்டும் என்று பாட்டிமார் சொல்வார்களே! குழந்தையின் சிரிப்புக்கும் முடிக்கும் சம்பந்தமில்லை. இரண்டும் ஒரே சமயத்தில் வருகின்றன, அவ்வளவுதான். டெங்கிக் காய்ச்சல், டைபாய்டு, பெரிய அறுவை சிகிச்சை, 2020-இல் பரவிய கொரோனா ஆகியவற்றுக்குப் பிறகும் இரண்டு மூன்று மாதம் கழித்துப் பலருக்கு இப்படிக் கொட்டியது. உடம்பு பட்ட அதிர்ச்சியில் முடிகள் சேர்ந்து ஓய்வுக்குப் போய், பிறகு சேர்ந்து விழுந்தன. சில மாதத்தில் பெரும்பாலோருக்குத் திரும்பி வந்தன. ஆகவே அம்மாமார்களே, பிள்ளைக்கு ஆறுதல் சொல்ல உங்களைவிடத் தகுந்தவர்கள் யாருமில்லை.

இனி, கவனமாக இருக்க வேண்டியவற்றைச் சொல்கிறேன்.

நட்ட வேர் நன்றாக ஊன்றிக்கொள்ள ஏறத்தாழ பத்து நாள் பிடிக்கும். அதற்குள் உராய்ந்தால், இடித்தால், சொறிந்தால் வேரோடு வந்துவிடும். அது உண்மையான இழப்பு. முதல் வாரத்தில் முடி விழுந்த இடத்தில் இரத்தம் கசிந்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும். இரண்டு மூன்று வாரம் கழித்து, இரத்தமில்லாமல், நுனியில் சிறு வெள்ளை முடிச்சோடு முடி வந்தால் அது வேர் அல்ல; பயப்பட வேண்டாம்.

பால்மரம் வெட்டுபவர்கள் நெற்றியில் கட்டும் தலைவிளக்கு, செம்பனைத் தோட்டத்தில் போடும் தலைக்கவசம், மோட்டார்சைக்கிள் ஹெல்மெட் எல்லாமே நட்ட இடத்தில்தான் அழுந்தும். முதல் இரண்டு வாரம் இவை ஆகாது. அதற்காக ஹெல்மெட் இல்லாமல் ஓட்டலாமா? கூடவே கூடாது! அது குற்றம், உயிருக்கும் ஆபத்து. அந்த இரண்டு வாரமும் மோட்டார்சைக்கிளை ஒதுக்கிவிட்டு பஸ்ஸிலோ காரிலோ போகட்டும். குலை வெட்டுவது, சுமை தூக்குவது போன்ற வியர்த்துக் கொட்டும் வேலையையும் டாக்டர் சொல்லும் நாள் வரை தள்ளி வையுங்கள். மருத்துவ விடுப்புக்கு வழி செய்துகொண்டுதான் சிகிச்சைக்கே போக வேண்டும்.

வெயில் நேராக மண்டையில் படக்கூடாது. டாக்டர் அனுமதித்த பின் தளர்வான தொப்பி போடலாம். சிகரெட் புகை இரத்த ஓட்டத்தைக் குறைக்கும். இதைச் சாக்காக வைத்தாவது விட்டுவிடச் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியல், சூடான எண்ணெய் மாலிஷ், சீயக்காய்த் தேய்ப்பு எதுவும் புண் ஆறும்வரை வேண்டாம். எப்படிக் குளிப்பது, எந்த ஷாம்பு என்று டாக்டர் சொன்னபடியே செய்யட்டும். தைப்பூசத்துக்கு மொட்டை போடுவதாக வேண்டுதல் இருந்தால் சிகிச்சைக்கு முன்னாலேயே டாக்டரிடம் சொல்லுங்கள். ஒரு வருடம் தள்ளிப்போட வேண்டி வந்தாலும் முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான்.

முடி கொட்டும் இந்த மூன்று மாதம்தான் போலி மருந்துக்காரர்களுக்கு அறுவடைக் காலம். மனம் உடைந்து நிற்பவன் எதையும் வாங்குவான் என்று அவர்களுக்குத் தெரியும். வெங்காயச் சாறு, மூலிகைத் தைலம், கைப்பேசியில் விற்கும் மாயப் புட்டி என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். ஆறாத தோலில் இவற்றைத் தடவினால் எரிச்சலும் புண்ணும்தான் மிச்சம். இதில் இன்னொரு சூழ்ச்சி இருக்கிறது. மூன்றாம் மாதத்தில் எதைத் தடவினாலும், தடவாவிட்டாலும், நான்காம் மாதத்தில் முடி முளைக்கத்தான் போகிறது. பெயரைத் தைலக்காரன் தட்டிக்கொண்டு போவான். உங்கள் காசும் போகும்! நம் நாட்டில் மருந்தென்று விற்கப்படும் பொருளுக்குச் சுகாதார அமைச்சின் பதிவு எண் இருக்க வேண்டும். அது எம்.ஏ.எல். என்ற எழுத்துகளோடு தொடங்கும். அது இல்லாத மருந்தைத் தொடாதீர்கள்.

டாக்டரே சில மருந்து கொடுக்கலாம். மினாக்சிடில் என்ற தடவும் மருந்து 1988-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதைத் தொடங்கிய முதல் சில வாரமும் முடி கொஞ்சம் கூடுதலாகக் கொட்டும். அதைக் கண்டு நிறுத்திவிடாமல் டாக்டரைக் கேளுங்கள். ஃபினாஸ்டெரைடு என்ற மாத்திரை 1997-இல் ஆண் வழுக்கைக்காக அங்கே அனுமதி பெற்றது. வீட்டில் கருவுற்ற பெண்கள் இருந்தால் இங்கே மிகுந்த கவனம் தேவை. உடைந்த அல்லது பொடித்த அந்த மாத்திரையை அவர்கள் கையால் தொடக்கூடாது. வயிற்றிலிருப்பது ஆண் குழந்தையானால் அதன் உறுப்பு வளர்ச்சியைப் பாதிக்கக்கூடும். மாத்திரையை எல்லாரும் கைவிடும் இழுப்பறையில் போட்டு வைக்காதீர்கள்.

எப்போது காத்திருக்காமல் டாக்டரிடம் ஓட வேண்டும்? சீழ் வந்தால், காய்ச்சல் அடித்தால், வலி குறையாமல் நாளுக்கு நாள் கூடினால், சிவப்பு பரவினால், தோல் கறுத்துப்போனால், இரத்தம் நிற்காவிட்டால் உடனே போக வேண்டும். செய்த இடம் தூரமாக இருந்தால் சுங்கை பட்டாணி சுல்தான் அப்துல் ஹாலிம் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போகலாம். "முடி நட்டேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது" என்று மறைக்கக் கூடாது. மறைத்தால் கெடுவது தலைதான்.

கொட்டும் முடி உயிருக்கு ஆபத்தில்லை. ஆபத்து எங்கே இருக்கிறது தெரியுமா? தகுதியில்லாத இடத்தில் செய்துகொள்வதில் இருக்கிறது. 2016-ஆம் ஆண்டு மே மாதம் சென்னையில் 22 வயது மருத்துவ மாணவர் ஒருவர், அறுவை சிகிச்சைக்கு உரிமமில்லாத ஒரு நிலையத்தில் முடி நடப் போனார். உடல்நிலை மோசமாகி, வேலூருக்குக் கொண்டு போகப்பட்டு அங்கே இறந்துபோனார். டாக்டருக்குப் படித்துக்கொண்டிருந்த பிள்ளைக்கே இந்தக் கதி! 2022-ஆம் ஆண்டு செப்டம்பரில் இந்தியாவின் தேசிய மருத்துவ ஆணையம், முறையாகப் பயின்ற டாக்டர்களே இதைச் செய்ய வேண்டும், காணொளி பார்த்துக் கற்றது போதாது என்று வழிகாட்டி வெளியிட்டது.

நம் நாட்டிலும் 1998-ஆம் ஆண்டுச் சட்டப்படி தனியார் கிளினிக்குகள் சுகாதார அமைச்சில் பதிவு பெற்றிருக்க வேண்டும். டாக்டரின் பெயர் மலேசிய மருத்துவ மன்றத்தின் பதிவேட்டில் இருக்கிறதா என்று இணையத்திலேயே பார்க்கலாம். போகுமுன் மூன்று கேள்வி கேளுங்கள். வெட்டப்போவது யார், டாக்டரா உதவியாளரா? மயக்க ஊசிக்குப் பின் ஏதாவது நேர்ந்தால் என்ன ஏற்பாடு இருக்கிறது? மூன்றாம் மாதம் முடி கொட்டியபின் வந்தால் யார் பார்ப்பார்கள்? வெளிநாட்டுக்குப் போய்ச் செய்துகொள்ள நினைப்பவர்கள் இந்தக் கடைசிக் கேள்வியை இரண்டு முறை கேட்டுக்கொள்ள வேண்டும். முடி கொட்டும்போது டாக்டர் கடல் தாண்டி இருப்பார்.

கல்யாணத்துக்காகச் செய்துகொள்வதானால் நாளைப் பார்த்துச் செய்யுங்கள். முகூர்த்தத்துக்கு ஒரு வருடமாவது முந்தி வேண்டும். மூன்று மாதத்துக்கு முன் செய்தால் மாப்பிள்ளை மணவறையில் உட்காரும்போது தலை முன்னைவிட மோசமாகத்தான் இருக்கும். பெண் வீட்டாரிடம் உள்ளதைச் சொல்லிவிடுவதும் நல்லது. பிறகு பிறர் வாயால் தெரிந்துகொள்வதைவிட அது மேல்.

கடைசியாக, வீட்டுப் பேச்சு. மருந்து பாதி, வாய்ச்சொல் பாதி என்றே நான் சொல்வேன். "எவ்வளவு காசு!" என்று அப்பா தினமும் கணக்குப் பார்க்கக் கூடாது. செலவு செய்தாகிவிட்டது, சொல்லிச் சொல்லிக் காட்டினால் காசு திரும்பாது. "மொட்டைத் தலையா" என்று தம்பி தங்கைகள் கேலி செய்யக் கூடாது. "கொட்டியதா, எவ்வளவு கொட்டியது?" என்று அம்மா நாளும் தலையைத் தடவிப் பார்க்க வேண்டாம். பிள்ளையும் தலையணையில் விழுந்த முடியை எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். மாதம் ஒருமுறை, அதே இடத்தில், அதே வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து வைத்தால் போதும். நாள்தோறும் கண்ணாடி பார்ப்பவனுக்கு வளர்ச்சி தெரியாது. ஆறாம் மாதப் படத்தை மூன்றாம் மாதப் படத்தின் பக்கத்தில் வைத்தால் தெரியும். வேலைக்குப் போகாமல், சாப்பிடாமல், யாரோடும் பேசாமல் வாரக்கணக்கில் முடங்கிக் கிடந்தால் அது முடி விஷயம் அல்ல, மன விஷயம். அரசாங்கக் கிளினிக் டாக்டரிடம் அதைத் தயங்காமல் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். நட்ட வேர் அத்தனையும் பிழைக்கும் என்று யாராலும் உறுதி தர முடியாது. ஒரு வருடம் ஆகியும் முளைக்காத இடம் இருந்தால் செய்த டாக்டரிடம் போய்க் கேட்கலாம். நடாத இடத்தில் வழுக்கை தன் வேலையைத் தொடர்ந்து செய்யும் என்பதும் உண்மை. இதையெல்லாம் தெரிந்துகொண்டு இறங்கியவனுக்கு ஏமாற்றம் குறைவு.

ஒரு வருடம் கழித்துச் சொல்ல வேண்டிய தீர்ப்பை மூன்றாம் மாதமே சொல்லாதீர்கள். பதறாத காரியம் சிதறாது. உங்கள் வீட்டில் இப்போது யாருக்காவது முடி கொட்டிக்கொண்டிருந்தால், இந்தப் பக்கத்தை அவன் கண்ணில் படும்படி மேசைமேல் வைத்துவிட்டு, ஒரு வாய் சோற்றை முகம் சுளிக்காமல் போடுங்கள்.